தக்காளிப் பூ ஏன் உதிர்கிறது?

மூன்று வருடமாக வார இறுதியில் ஒரு பொதுத் தோட்டத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். செடி வளர்க்கச் சொல்லித்தருவது, வருகிறவர்களின் சந்தேகத்துக்குப் பதில் சொல்வது, காலநிலை மாற்றத்தைப் பற்றிப் பேசுவது, மூன்றும் எங்கள் பொறுப்பு. முதல் இரண்டையும் எல்லாரும் ஆசையாகக் கேட்பார்கள். மூன்றாவதை எடுத்தாலே முகம் வாடிவிடும். முதல் வருடம் உலக வரைபடம், மேலே மேலே ஏறும் சிவப்புக் கோடு எல்லாவற்றையும் அச்செடுத்து மாட்டி ஒரு மணி நேரம் பேசினேன். யாரும் மறுக்கவில்லை. தலையாட்டினார்கள், கிளம்பினார்கள். அடுத்த வாரம் ஒருவர்கூட அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்புறம் ஒருநாள் ஓர் அம்மா தக்காளிச் செடியின் கிளை ஒன்றை ஒடித்துக்கொண்டு வந்தார். "தம்பி, பூ கொத்துக்கொத்தா வைக்குது, ஒண்ணுகூடப் பிஞ்சு ஆகல. உரம் வெச்சுட்டேன், மருந்தும் அடிச்சுட்டேன்." தக்காளிப் பூவின் காம்பில் முட்டி மாதிரி ஒரு கணு இருக்கும். அந்தக் கணு மஞ்சள் தட்டியிருந்தது. விரலால் லேசாகத் தொட்டேன், பூ அங்கேயே கழன்று உள்ளங்கையில் விழுந்தது. இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம், பூச்சியும் இல்லை, நோயும் இல்லை. பகலில் 35 டிகிரியைத் தாண்டி, ராத்திரியும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காமல் சில நாள் நின்றுவிட்டால் தக்காளியின் மகரந்தம் கெட்டுவிடும், கரு பிடிக்காது, செடி பூவை உதறிவிடும். இதைச் சொன்னதும் அவர் கேட்டது ஒரே கேள்வி: "ராத்திரிச் சூடா?"

ஆமாம், ராத்திரிச் சூடுதான். பகலில் நிலம் வாங்கிய வெப்பம் இரவில் வானத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். கரியமில வாயு கூடக்கூட அது போகும் வழி அடைபடுகிறது. உலகின் நிலப்பரப்பில் பல பகுதிகளில் கடந்த சில பத்தாண்டுகளில் பகலைவிட இரவுகள்தான் வேகமாகச் சூடேறியிருக்கின்றன. என்னுடைய வரைபடத்தைப் பார்த்துக் கொட்டாவி விட்ட அதே இடத்தில் இந்த அம்மா அரை மணி நேரம் நின்று கேட்டார். நாற்று விடும் நாளைத் தள்ளிப் பார்க்கலாமா, நிழல்வலை கட்டினால் போதுமா, சூடு தாங்கும் ரகம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக. அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, இந்த விஷயத்தைக் கேள்வி உள்ளவரிடம்தான் பேச வேண்டும், கேள்வி செடியிலிருந்து வர வேண்டும்.

யோசித்தால் தோட்டத் தன்னார்வலர் என்ற ஏற்பாடே அப்படிப் பிறந்ததுதான். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மக்களுக்கு வேளாண் ஆலோசனை சொல்லும் விரிவாக்கப் பணியாளர்களுக்கு வீட்டுத் தோட்டக்காரர்களிடமிருந்து சமாளிக்க முடியாத அளவு கேள்விகள் வந்தன. அதனால் 1970களின் தொடக்கத்தில் பொதுமக்களில் சிலருக்கே பயிற்சி கொடுத்துப் பதில் சொல்ல உட்கார வைத்தார்கள். 'மாஸ்டர் கார்டனர்' திட்டம் அங்கேதான் தொடங்கியது.

இப்போது நான் படம் மாட்டுவதில்லை. இரண்டு கண்ணாடிக் குடுவையில் தண்ணீர் வைக்கிறேன். வெறும் தரையாகக் கிடந்து வருடாவருடம் கொத்திப் புரட்டிய பாத்தியிலிருந்து ஒரு காய்ந்த மண்கட்டி, காய்ந்த இலைதழையால் மூடாக்கு போட்டு மட்கு உரம் இட்டுவந்த பாத்தியிலிருந்து இன்னொன்று. இரண்டையும் கம்பிவலையில் வைத்துத் தண்ணீருக்குள் இறக்கினால், முதல் கட்டியிலிருந்து குமிழிகள் வரும், ஓரம் உதிரும், சில நிமிடத்தில் பொலபொலவென்று சரிந்து தண்ணீர் கலங்கிவிடும். இரண்டாவது கட்டி அப்படியே உட்கார்ந்திருக்கும், தண்ணீரும் ஏறக்குறைய தெளிவாகவே இருக்கும். வேரும் பூஞ்சையும் நுண்ணுயிரும் விட்ட பசைதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது, அந்தப் பசையில் இருப்பது கார்பன். உலகத்து மண்ணில் இருக்கும் கார்பன் காற்றிலும் செடிகொடி மரங்களிலும் இருப்பதைக் கூட்டினாலும் அதைவிட அதிகம் என்று இந்த இடத்தில் சொன்னால் கேட்கிறவர்களுக்கு உடனே பிடிபடுகிறது, குடுவை கண்முன்னே இருக்கிறதே! காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைத் தாங்கும், அதனால் பெய்கிற மழை கொட்டித் தீர்க்கும், எந்தப் பாத்தி அதற்குத் தாங்கும் என்பதை அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

யூரியாவைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. அளவுக்கு மீறிப் போட்டால் செடி எடுத்ததுபோக மிஞ்சிய நைட்ரஜனில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாகக் காற்றில் கலக்கும், எடைக்கு எடை அது கரியமில வாயுவைப்போல 270 மடங்குக்குமேல் சூடேற்றும். "செடி நல்லா வரட்டும்னு இன்னும் ஒரு பிடி" என்று போடுகிற பழக்கம் இதைக் கேட்டபிறகு பலருக்குக் குறைந்திருக்கிறது.

சரி, என்னிடம் அடிக்கடி வருகிற கேள்வி: "நாலு தொட்டி வெச்சா உலகம் குளிர்ந்திருமா?" குளிராது. அதை நேராகச் சொல்லிவிடுகிறேன். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரிப்பதுதான் பெரிய காரணம், அதைத் தோட்டம் ஈடுகட்ட முடியாது. மரம் நட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பேசும் தன்னார்வலர்கள் நல்ல மனதோடுதான் பேசுகிறார்கள், ஆனால் கேட்கிறவரை அது தவறான நிம்மதியில் விட்டுவிடுகிறது. ஹவாயின் மௌனா லோவாவில் 1958இல் அளக்கத் தொடங்கியபோது காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு, இன்று 420ஐத் தாண்டிவிட்டது. இந்த அளவை வரைபடமாகப் போட்டால் வரும் கோடு வருடத்துக்கு ஒருமுறை சற்று இறங்கி மறுபடி ஏறும். வடகோளத்தில் இலை துளிர்த்து வளரும் மாதங்களில் இறங்கும், இலை உதிர்ந்து மட்கும் மாதங்களில் ஏறும். உலகத்துச் செடியெல்லாம் சேர்ந்து மூச்சு விடுவது ஒரு கோட்டில் தெரிகிறது! எனக்கு இதைச் சொல்லும்போது இன்றும் சிலிர்க்கும். ஆனாலும் அத்தனை செடியும் இழுத்த பிறகும் கோடு போன வருடத்தைவிட மேலேதான் நிற்கிறது.

இன்னொன்று, ஒரு வருடத்துச் சூட்டைக் காட்டிக் காலநிலை மாறிவிட்டது என்று சொல்லக் கூடாது. 30 வருடச் சராசரியைத்தான் காலநிலைக்கு அளவுகோலாக வைக்கிறார்கள். அதனால் வருகிறவர்களிடம் ஒரு நோட்டு வைக்கச் சொல்கிறேன்: முதல் பூ எந்தத் தேதி, முதல் காய் எப்போது, இரவில் குறைந்த வெப்பம் எவ்வளவு. ஜப்பானின் கியோட்டோவில் செர்ரி பூக்கும் நாளை 1,200 வருடமாக யாரோ எழுதிவைத்ததால்தான், 2021இல் மார்ச் 26 அன்றே முழுப் பூப்பு வந்தது அதுவரையிலான பதிவுகளிலேயே மிக முந்தியது என்று தெரிந்தது.

தக்காளி அம்மா போன வாரம் வந்தார். கையில் பழைய கணக்கு நோட்டு, பக்கத்துக்குப் பக்கம் கோடு போட்டு ராத்திரி வெப்பம் எழுதியிருந்தார். நடுவில் ஒன்பது நாள் காலியாக இருந்தது, ஊருக்குப் போயிருந்தாராம். கூடவே பக்கத்து வீட்டுக்காரரையும் அழைத்து வந்திருந்தார், அவருக்கும் பூ உதிர்கிறதாம். நான் எழுந்து குடுவையை எடுப்பதற்குள் அந்த அம்மாவே காம்பின் கணுவைத் தொட்டுக் காட்ட ஆரம்பித்துவிட்டார்.