கிளேர் சீமாட்டியின் மூன்றில் ஒரு பங்கு

கிளேர் ஊரில் ரயில் நிலையம் இருக்கிறது, ரயில் இல்லை. 1865-இல் பாதை போட்டவர்கள் பழைய கோட்டையின் உள்முற்றத்திலேயே நிலையத்தைக் கட்டிவிட்டார்கள். 1967-இல் பாதையையே மூடிவிட்டார்கள். நடைமேடை இன்னும் நிற்கிறது. தண்டவாளம் கிடந்த இடத்தில் புல் மண்டியிருக்கிறது, டிக்கெட் கொடுத்த கட்டடத்தில் காபி கொடுக்கிறார்கள். இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில், ஸ்டூர் ஆற்றங்கரையில் இருக்கும் சின்ன ஊர். கேம்பிரிட்ஜிலிருந்து போகிறவர்கள் ஹேவர்ஹில்லில் இறங்கி இன்னொரு பேருந்து பிடிக்க வேண்டும்.

இப்படிச் சுற்றிக்கொண்டு போனதற்குக் காரணம் ஒரு சின்னம். கேம்பிரிட்ஜில் கிளேர் கல்லூரி வாசலில் ஒரு கேடயம் பார்த்தேன். ஒரு பாதியில் தங்க நிறத்தின் மேல் மூன்று சிவப்புக் கூரை வடிவங்கள், இது கிளேர் குடும்பத்துடையது. மறுபாதியில் தங்கத்தின் மேல் சிவப்புச் சிலுவை, இது பர் குடும்பத்துடையது. இரண்டையும் சுற்றிக் கறுப்புக் கரை, கரை முழுக்கத் தங்கத் துளிகள். அவை கண்ணீர்த் துளிகள் என்றும், மூன்று கணவர்களைப் பறிகொடுத்த ஒரு பெண்ணின் துக்கம் என்றும் சொல்வார்கள். அந்தப் பெண்தான் கிளேர் சீமாட்டி எலிசபெத் டி பர். 26 வயதுக்குள் மூன்று முறை விதவையானவர், 1360-இல் சாகும்வரை நான்காவதாக யாரையும் கட்டிக்கொள்ளாதவர். துக்கம் இருந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் துக்கம் மட்டும் கல்லூரி கட்டாது. காசு எங்கிருந்து வந்தது என்று பார்க்கத்தான் கிளேருக்குக் கிளம்பினேன்.

நிலையத்துக்குப் பக்கத்திலேயே மண்மேடு. 60 அடிக்கு மேல் உயரம், முழுக்க மனிதர்கள் கொட்டிய மண். மேட்டைச் சுற்றிச் சுற்றி ஏறும் நடைபாதை இருக்கிறது. உச்சியில் வட்டக் கோட்டையின் ஒரு சில்லு மட்டும் மிச்சம். வளைந்த சுவர், அதில் முட்டுக்கொடுத்த தூண்கள். பக்கத்தில் போய்ப் பார்த்தால் அத்தனையும் முஷ்டி அளவு தீக்கற்கள், சுண்ணாம்புச் சாந்தில் அள்ளிப் பதித்தவை. உடைந்த கற்களின் உட்புறம் கறுத்துப் பளபளக்கிறது. செதுக்கிய நல்ல கற்களை ஊர்க்காரர்கள் எப்போதோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மேலிருந்து பார்த்தால் தேவாலயக் கோபுரம், ஓட்டுக் கூரைகள், வயல்கள், ஆறு. ஒரு காலத்தில் கண்ணுக்கெட்டியவரை கிளேர் குடும்பத்தின் நிலம்தான்.

சரி, இந்தக் கோட்டை எலிசபெத்துக்கு எப்படி வந்தது? இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது.

எலிசபெத்தின் அப்பா கிளேர் குடும்பத்தைச் சேர்ந்த குளோஸ்டர் பிரபு, அம்மா மன்னர் முதலாம் எட்வர்டின் மகள் ஜோன். அதாவது அடுத்து அரியணை ஏறிய இரண்டாம் எட்வர்ட் இவருக்குத் தாய்மாமன். 1308-இல் வால்தம் மடத்தில் இரண்டு கல்யாணங்கள் அடுத்தடுத்து நடந்தன. எலிசபெத்தின் அண்ணன் கில்பர்ட், அயர்லாந்தின் அல்ஸ்டர் பிரபுவின் மகள் மாடைக் கட்டினார். எலிசபெத் அதே மாடின் சகோதரன் ஜான் டி பரைக் கட்டினார். பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம். எலிசபெத்துக்கு அப்போது வயது 13.

ஜான் 1313-இல் இறந்தார். அடுத்த வருடம் ஜூனில் பானக்பர்ன் போரில் ஸ்காட்லாந்துக்காரர்கள் கில்பர்டைக் கொன்றார்கள். கில்பர்டுக்குப் பிள்ளை இல்லை. ஆண் வாரிசு இல்லாவிட்டால் சகோதரிகளுக்குச் சமபங்கு என்பது அந்த நாட்டு வழக்கம். எலினார், மார்கரெட், எலிசபெத் என்று மூன்று பேர். இங்கிலாந்தின் மிகப் பெரிய சொத்துகளில் ஒன்று மூன்றாகப் பிரிய வேண்டும்.

ஆனால் பிரியவில்லை. ஏனென்றால் விதவை மாட், தான் கர்ப்பம் என்று சொல்லிவிட்டார்.

மாதங்கள் ஓடின, வருடம் ஓடியது, பிள்ளை பிறக்கவில்லை. மூத்தவள் எலினாரின் கணவர் ஹியூ டிஸ்பென்சர் பொறுமையிழந்து மன்றத்தில் முறையிட்டார்: இயற்கை கொடுத்த கெடு முடிந்துவிட்டது, பங்கைப் பிரியுங்கள் என்று. அரசு தரப்பு அசரவில்லை. சந்தேகம் இருந்திருந்தால், விவரம் தெரிந்த பெண்களை வைத்து வயிற்றைப் பரிசோதிக்க அப்போதே ஆணை வாங்கியிருக்க வேண்டியதுதானே என்று திருப்பிக் கேட்டார்கள். அப்படி ஓர் ஆணை சட்டத்தில் உண்மையிலேயே இருந்தது. மாட் நிஜமாகவே நம்பினாரா, நடித்தாரா, இல்லை மன்னருக்குத்தான் சொத்தைக் கையில் வைத்துக்கொள்ள அவகாசம் தேவைப்பட்டதா? எனக்கு மூன்றாவதன் மேல்தான் சந்தேகம். பாகப்பிரிவினை நடந்தது 1317-இல்.

அப்போதும் சகோதரிகள் கைக்கு முழுதாக வரவில்லை. விதவைக்குக் கணவன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு உண்டு. 1215-இல் மன்னர் ஒப்புக்கொண்ட உரிமைச் சாசனமான மேக்னா கார்ட்டாவிலேயே இதற்கு இடமிருக்கிறது. கணவன் இறந்ததும் விதவை 40 நாள் அவன் வீட்டில் தங்கலாம், அதற்குள் அவள் பங்கை அளந்து கொடுத்துவிட வேண்டும். மறுமணம் செய்துகொள்ளும்படி யாரும் அவளைக் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆனால் ராஜாவிடம் நேரடியாக நிலம் பெற்றவரின் விதவை, ராஜாவின் சம்மதமில்லாமல் மறுமணம் செய்யவும் கூடாது. மூன்றில் ஒன்று என்ற கணக்கு 1217-இல் மறுபடி வெளியிட்டபோது எழுத்தில் வந்தது. கென்ட் மாவட்டத்தில் மட்டும் பழைய வழக்கப்படி பாதி, அதுவும் மறுமணம் செய்யாத வரைக்கும்.

அந்தப் பங்கு நம் பத்திரங்களில் எழுதுவார்களே, ‘ஆயுள் பரியந்தம் அனுபவித்துக்கொள்ள வேண்டியது’ என்று, அந்த ரகம். குத்தகை வாங்கலாம், அறுவடை எடுக்கலாம், அதன் மேல் நிற்கும் பயிரை 1236 சட்டப்படி உயிலில்கூட எழுதலாம். விற்க முடியாது. அவள் கண்ணை மூடியதும் நிலம் கணவனின் வாரிசுக்குப் போய்விடும், அவளுடைய வாரிசுக்கு அல்ல. மீறி விற்றால் வாரிசு உடனே வழக்குப் போட 1278-இல் சட்டமே போட்டார்கள். ஆகவே ஒவ்வொரு விதவைக்குப் பின்னாலும், அவள் எப்போது போவாள் என்று கணக்குப் போட்டுக்கொண்டு ஒரு வாரிசு நின்றுகொண்டிருப்பான். இங்கே அந்த வாரிசு எலிசபெத். நான் ஏறி நின்ற மேடும் கிளேர் நிலங்களும் மாடின் பங்கில் இருந்தன. 1320-இல் மாட் இறந்த பிறகுதான் கிளேர் இவர் கைக்கு வந்தது. ஆறு வருடக் காத்திருப்பு.

இதற்குள் எலிசபெத்தின் வாழ்க்கையும் ஓய்ந்திருக்கவில்லை. அண்ணன் செத்ததும் இவர் பெரிய சொத்துக்காரி ஆகிவிட்டார். தாய்மாமன் அயர்லாந்திலிருந்து வரவழைத்துப் பிரிஸ்டல் கோட்டையில் வைத்தார். 1316 பிப்ரவரியில் தியோபால்ட் டி வெர்டன் என்ற பிரபு அங்கிருந்து இவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கட்டிக்கொண்டார். ‘நான் கடத்தவில்லை, அயர்லாந்திலேயே எங்களுக்குப் பேச்சு முடிந்திருந்தது, அவள்தான் கோட்டையை விட்டு வெளியே வந்தாள்’ என்பது அவர் தரப்பு. எலிசபெத் தரப்பு என்ன என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஜூலையில் வெர்டன் இறந்துபோனார். மார்ச் 1317-இல் மகள் இசபெல்லா பிறந்தாள். தாய்மாமன் சும்மா இருப்பாரா? தன் செல்லப்பிள்ளை ரோஜர் டமோரிக்கு இவரைக் கட்டிவைத்தார். கட்டாயப்படுத்தக் கூடாது என்று மேக்னா கார்ட்டா சொல்கிறதே என்றால், சொல்கிறதுதான்.

டமோரி பின்னர் ராஜாவுக்கு எதிராகக் கலகக்காரர்களுடன் சேர்ந்து 1322 மார்ச்சில் இறந்தார். எலிசபெத்தைக் குழந்தைகளோடு பார்க்கிங் மடத்தில் அடைத்தார்கள். நிலம் முழுக்கப் பறிமுதல். இப்போது ராஜாவின் வலது கை யார் என்று நினைக்கிறீர்கள்? அதே டிஸ்பென்சர், அக்காவின் கணவர். வேல்ஸில் எலிசபெத்துக்குப் பாகத்தில் வந்த அஸ்க் சீமை அவருக்கு வேண்டியிருந்தது. மிரட்டி வாங்கினார், பதிலுக்குக் கவர் சீமையைக் கொடுத்தார். பிறகு கோர்ட் வழக்கில் கவர் சீமையும் கை நழுவிப் போனது. மைத்துனியை யார்க் நகருக்கு வரவழைத்துக் காகிதத்தில் முத்திரை வாங்கியது தனிக் கதை. 1326-இல் எலிசபெத் நடந்ததையெல்லாம் எழுதி வைத்தார்: பயத்தில் போட்ட முத்திரை இது, என் சம்மதம் இல்லை என்று. அவ்வளவு ஆபத்தான நேரத்தில் அதை எழுதத் துணிந்ததுதான் அவர் செய்ததிலேயே பெரிய காரியம் என்பேன், கல்லூரியைவிட. அந்த நவம்பரிலேயே டிஸ்பென்சரை ஹியர்ஃபர்டில் தூக்கிலிட்டார்கள். அஸ்க் திரும்பி வந்தது.

அதன்பின் 30 வருடங்களுக்கு மேல் நிம்மதி. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அந்தச் சட்டத்தில் கல்யாணமாகாத சிறுபெண் அப்பாவின் பொறுப்பு, கட்டிக்கொண்டவள் கணவனின் பொறுப்பு, அவள் கொண்டுவந்த நிலத்தையும் அவன்தான் ஆள்வான். விதவையோ தன் பெயரில் நிலம் ஆளலாம், வழக்குப் போடலாம், முத்திரை குத்தலாம். எலிசபெத்துக்குப் பிறந்த வீட்டுப் பாகத்தோடு, புகுந்த வீடுகள் வழியாக அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் நிலம் இருந்தது. ஒருவரைக் கட்டினால் எல்லாம் அவர் கைக்குப் போகும். நான்காவது ஆள் தேவையே இல்லை.

அவருடைய வீட்டுக் கணக்குச் சுருள்கள் லண்டன் கியூவில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அந்த நூற்றாண்டின் பிரபு வீடு ஒன்றிலிருந்து இத்தனை கணக்கு மிஞ்சியது அபூர்வம். அன்றன்றைக்கு ரொட்டி அறையில் எவ்வளவு, மது அறையில் எவ்வளவு, சமையலறையில் எவ்வளவு மீன், லாயத்தில் எத்தனை குதிரைக்குத் தீனி என்று எழுதியிருக்கிறார்கள். இந்தப் பணத்தில்தான் 1338-இல், ரிச்சர்ட் பேட்யூ தொடங்கித் தள்ளாடிக்கொண்டிருந்த கேம்பிரிட்ஜ் கல்விக்கூடத்தை எடுத்து நடத்தினார். 1359-இல் அதற்கு விதிகள் எழுதியபோது, கொள்ளைநோயில் படித்தவர்கள் ஏராளமாகச் செத்துப்போனதைக் காரணமாகச் சொல்கிறார். இன்று நாம் பார்க்கும் கல்லூரிக் கட்டடங்களில் அவர் காலத்தது ஒன்றும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கிளேரில் மேட்டிலிருந்து இறங்கி, ஆற்றைக் கடந்தால் துறவி மடம். 1248-இல் அகஸ்டீன் சபைத் துறவிகள் இங்கிலாந்தில் முதலில் குடியேறிய இடம். எட்டாம் ஹென்றி காலத்தில் விரட்டப்பட்டவர்கள் 1953-இல் திரும்பி வந்துவிட்டார்கள். இடிந்த தேவாலயச் சுவர்களுக்கு நடுவே புல்தரை. எலிசபெத்தின் அம்மா ஜோன் இங்கேதான் புதைக்கப்பட்டார். எலிசபெத் இங்கே இல்லை, லண்டன் ஆல்ட்கேட்டில் பெண் துறவிகளின் மடத்தில் அடக்கம். கொஞ்ச நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன். ரோஜாச் செடி கத்தரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், இளவரசர் லயனலும் இங்கேதான் என்று கத்தரிக்கோலால் ஒரு பக்கம் காட்டினார்.

லயனல், மன்னர் மூன்றாம் எட்வர்டின் மகன். எலிசபெத்தின் ஒரே மகன் வில்லியம் 1333-இல் அயர்லாந்தில் கொலையுண்டான். அவனுக்கு ஒரே ஒரு கைக்குழந்தை, அவளுக்கும் பெயர் எலிசபெத். 1342-இல் அவளை லயனலுக்குக் கட்டிவைத்தார்கள். கிளேர் அவர்களுக்குப் போனது. 1362-இல் லயனலுக்குக் கொடுத்த கிளாரன்ஸ் பிரபு பட்டம் இந்தச் சின்ன ஊரின் பெயரிலிருந்து வந்ததுதான். அவர்களுடைய மகள் பிலிப்பா வழியாக மார்ட்டிமர் குடும்பத்துக்கும், அங்கிருந்து யார்க் குடும்பத்துக்கும் சொத்து நகர்ந்தது. 1461-இல் அந்த யார்க் குடும்பத்து நான்காம் எட்வர்ட் முடிசூடியபோது கிளேர் அரசுடைமை.

அது பிறந்த வீட்டு நிலம். கணவர்கள் வழி வந்தவை வேறு பக்கம் போயின. வெர்டனுக்கு முதல் மனைவி வழியில் மூன்று மகள்கள், எலிசபெத் வழியில் இசபெல்லா. 1316-இல் வெர்டன் இறந்ததும் எலிசபெத்துக்குச் சேர்ந்த விதவைப் பங்கு திரும்ப வருவதற்காக அந்த நான்கு பெண்களின் வழியும் 44 வருடம் காத்திருந்தது. அண்ணி மாடுக்காக ஆறு வருடம் காத்திருந்தவர், இன்னொரு குடும்பத்தை இத்தனை காலம் காக்க வைத்தார். இசபெல்லா பெற்ற மகள்தான், ஆனாலும் இந்த நிலக் கணக்கில் அம்மாவின் சாவுக்குக் காத்திருக்கும் வாரிசு. அவள் 1349-இல், கொள்ளைநோய் வருடத்தில், அம்மாவுக்கு 11 வருடம் முன்பே இறந்துவிட்டாள். அவள் பங்கு மகன் வில்லியம் ஃபெரர்ஸுக்குச் சேர்ந்தது.