ஹ்யூவைக் காட்டுக்கு அனுப்பிய கதை

நைட் (குதிரையேறிப் போரிடும் பட்டம் பெற்ற வீரன்) ஒருவன் உள்நாட்டுப் போரில் தோற்ற பக்கம் நிற்கிறான், நிலத்தை இழக்கிறான், காட்டில் ஒளிந்து வழிப்பறி செய்கிறான். கேட்க லேசாகத்தான் இருக்கிறது. இதைக் குறுநாவலாக எழுத உட்கார்ந்தபோது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நாலு கேள்வி முளைத்தது. வரலாற்றுக் கதை எழுத ஆசைப்படும் நண்பர்கள் சிலர், "இதை எப்படிச் செய்து முடித்தாய்?" என்று கேட்டார்கள். அவர்களுக்காக இது.

முதலில் எந்தப் போர் என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. இங்கிலாந்து வரலாற்றில் உள்நாட்டுப் போருக்குப் பஞ்சமில்லை. ஸ்டீபனும் மடில்டாவும் அரியணைக்கு மோதிய 12ஆம் நூற்றாண்டு இருக்கிறது. 1455இல் தொடங்கிய ரோஜாப் போர்கள் இருக்கின்றன. முன்னதில் பிரபுக்கள் ஆளுக்கொரு கோட்டை கட்டிக்கொண்டு ஊரைச் சூறையாடினார்கள். எல்லோரும் கொள்ளைக்காரர்களாக இருக்கும்போது என் ஆள் எப்படித் தனித்துத் தெரிவான்? பின்னதில் தோற்ற பெரிய மனிதர்களின் தலையே போனது. எனக்கு உயிர் மிஞ்சி, நிலம் போன ஒருவன் வேண்டும். மூன்றாம் ஹென்றி காலத்துப் பிரபுக்கள் போர் அதற்குக் கச்சிதமாகப் பொருந்தியது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: அரசனின் கையைக் கட்டிப்போட 1258இல் பிரபுக்கள் சில விதிகளைக் கொண்டுவந்தார்கள். அரசன் பின்வாங்கியதும் சண்டை மூண்டது. எதிரணியின் தலைவர் லெஸ்டர் பிரபு சைமன் டி மான்ட்ஃபோர்ட். 1264 மே 14 அன்று லூயிஸ் என்ற ஊரில் அவர் வென்றார். அரசனும் இளவரசன் எட்வர்டும் அவர் பிடியில் வந்தார்கள். எட்வர்ட் தப்பிப்போய்ப் படை திரட்டி, 1265 ஆகஸ்ட் 4 அன்று ஈவ்ஷாமில் மான்ட்ஃபோர்ட்டைக் கொன்றார். அடுத்த மாதம் வின்செஸ்டரில் கூடிய சபையில் கிளர்ச்சிக்காரர்களின் நிலம் அத்தனையும் பறிமுதல் என்று முடிவானது. அரசன் பக்கம் இருந்தவர்களுக்கு அது பங்கு போனது. நாடெங்கும் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஒரே நாளில் நிலமற்றவையாயின.

என் நாயகன் ஹ்யூ முழுக்கக் கற்பனை. லெஸ்டர்ஷயரில் ஒரு கிராமம், ஒரு மாவு ஆலை, ஆண்டுக்கு 20 பவுண்டு வருமானம். அந்த 20ஐக் குருட்டாம்போக்கில் வைக்கவில்லை. அவ்வளவு வருமானமுள்ள நிலம் இருந்தால் நைட் ஆகியே தீர வேண்டும் என்று அரசன் வற்புறுத்திய காலம் அது. குதிரை, கவசம், ஆள் அம்பு என்று செலவு கட்டுப்படியாகாமல், அபராதம் கட்டிவிட்டு அந்தப் பட்டமே வேண்டாம் என்று ஒதுங்கியவர்களும் உண்டு. ஹ்யூ ஒதுங்காதவன். கடன் வாங்கி நைட் ஆனவன். இந்தக் கடன் பின்னால் வரும்.

அடுத்த சிக்கல், அவனை உயிரோடு வைத்திருப்பது. பிடிபட்ட நைட்டைக் கொல்லாமல் பணயத்தொகை வாங்கி விடுவதுதான் அன்றைய வழக்கம். ஈவ்ஷாமில் அதைக் கடைப்பிடிக்கவில்லை, வெட்டித் தள்ளிவிட்டார்கள். ஆகவே ஹ்யூவை அங்கே கொண்டுபோக முடியாது. தேடியதில் கெனில்வொர்த் கிடைத்தது. ஈவ்ஷாமுக்குச் சில நாள் முன்பு மான்ட்ஃபோர்ட்டின் மகன், அவன் பெயரும் சைமன்தான், அப்பாவுக்கு உதவப் படையோடு வந்து கெனில்வொர்த்தில் தங்கினான். பக்கத்திலேயே கோட்டை. ஆனால் பெரும்பாலோர் உள்ளே போகாமல் வெளியே ஊருக்குள் படுத்துவிட்டார்கள். எட்வர்ட் இரவோடு இரவாக வந்து விழுந்தார். தூக்கக் கலக்கத்தில் கிடைத்ததைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். சின்ன சைமன் கோட்டையைச் சுற்றியிருந்த ஏரியைக் கடந்து தப்பினான். ஹ்யூவையும் அதே ஏரியில் உள்சட்டையோடு இறக்கிவிட்டேன்.

இதில் எனக்குக் கிடைத்த கொழுத்த பரிசு வேறு. அன்றிரவு பறித்த கொடிகளை எட்வர்ட் தன் படைக்கு முன்னால் பிடிக்க வைத்து ஈவ்ஷாமுக்குப் போனார். மகன்தான் வருகிறான் என்று நம்பியிருந்தார்கள் மான்ட்ஃபோர்ட் தரப்பினர். சின்னங்களை அடையாளம் காணத் தெரிந்த நிக்கோலஸ் என்ற நாவிதன் மடாலயக் கோபுரத்தில் ஏறிப் பார்த்துத்தான் இது எதிரி என்று சொன்னான். வரலாறே இப்படி எழுதித் தரும்போது நான் என்ன செய்ய? அந்தக் கொடிகளில் ஒன்றை ஹ்யூவுடையதாக்கினேன். தன் தலைவரை ஏமாற்றத் தன் கொடி உதவியது என்பதை அவன் பிறகு ஒரு சத்திரத்தில், அடுத்தவர் பேச்சிலிருந்து தெரிந்துகொள்கிறான். கதை முழுவதிலும் நான் எளிதாக எழுதிய அத்தியாயம் அதுதான்.

அப்புறம்தான் முட்டுச்சந்து. ஹ்யூவுக்கு நிலம் போய்விட்டது, சரி. ஆனால் நிலம் போனவன் எல்லோரும் சட்டத்துக்குப் புறம்பானவன் ஆகிவிடுவானா? வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்ற என் சித்தப்பாவிடம் கதைச் சுருக்கத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "வாள் சுத்துறதெல்லாம் இருக்கட்டும்ப்பா. நிலம் யார் பேருக்கு மாறுச்சு? இவன் மேல கேஸ் என்ன? நோட்டீஸ் குடுத்தாங்களா?" என்றார். "குடுத்தாங்க சித்தப்பா, அஞ்சு தடவை" என்று பதில் சொல்ல முடிந்தபோது எனக்கே கதை பிடிபட்ட மாதிரி இருந்தது.

அந்த முறை இப்படி. ஒருவன் மீது கொலை, கொள்ளை போன்ற பெருங்குற்றம் சாட்டப்பட்டு அவன் ஆஜராகவில்லை என்றால், மாவட்ட நீதிமன்றம் கூடும்போது பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அது பெரும்பாலும் நான்கு வாரத்துக்கு ஒருமுறை கூடும். ஐந்தாவது முறையும் வராவிட்டால் சட்டத்தின் பாதுகாப்பு நீங்கும். அவன் தலை இனி ஓநாயின் தலை என்பார்கள். பண்டம் பாத்திரம் அரசனுக்கு. நிலம் ஓராண்டும் ஒரு நாளும் அரசன் கையில் இருந்துவிட்டு அதை அவனுக்குக் கொடுத்திருந்த மேல்நிலப் பிரபுவுக்குப் போகும்.

அதாவது அரசியலால் நிலம் பறிபோவது வேறு, நீதிமன்றத்தில் பெயர் சொல்லி ஒதுக்கப்படுவது வேறு. ஹ்யூவுக்கு இரண்டையும் அடுத்தடுத்து வைத்தேன். அவன் கிராமத்தை அரசன் யாருக்குக் கொடுத்தானோ அந்தப் புது ஆசாமி, களஞ்சியத்தில் புகுந்து தானியம் தூக்கிவிட்டான் என்று ஹ்யூ மேல் வழக்குப் போடுகிறான். தான் விதைத்த கோதுமையைத்தான் அவன் தூக்கினான். ஐந்து முறை பெயர் கூப்பிடும் காட்சியை ஹ்யூ இல்லாமலே எழுதினேன். எழுத்தன் வாசிக்கிறான், யாரும் பதில் சொல்லவில்லை, அடுத்த வழக்குக்குப் போகிறார்கள். நான்காவது முறை கூட்டத்தில் ஹ்யூவின் மைத்துனன் நிற்கிறான், இருமுகிறான், அவ்வளவுதான்.

காட்டு வாழ்க்கையைப் பற்றி நமக்கெல்லாம் ஒரு படம் இருக்கிறது: மரத்தடி, மான்கறி, சிரிப்பு. அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. போர்க்குதிரைக்கு ஓட்ஸ் வேண்டும். காட்டில் யார் கொடுப்பார்? முதல் மாதமே ஹ்யூ குதிரையை விற்கிறான். சங்கிலிக் கவசம் ஈரத்தில் துரு ஏறும். கோட்டையில் என்றால் மணல் போட்ட பீப்பாயில் இட்டு உருட்டித் துடைப்பார்கள். இங்கே பீப்பாயும் இல்லை, உருட்டப் பையனும் இல்லை. ஒரு கிழிந்த சாக்கில் ஆற்றுமணலோடு போட்டு ஹ்யூவே உட்கார்ந்து குலுக்குகிறான். மேலே போட்டால் தோளெல்லாம் செம்பழுப்புக் கறை.

குளிர்காலத்தில் காடு சோறு போடாது. யாராவது ஒரு வீட்டில் கதவு திறக்க வேண்டும். இதற்கும் ஆதாரம் கிடைத்தது. மான்ட்ஃபோர்ட் தரப்பில் நாட்டிங்ஹாம் கோட்டைக் காவலில் இருந்த ரோஜர் காட்பெர்ட் என்பவர் பின்னால் ஷெர்வுட் பக்கம் கொள்ளைக்கூட்டத் தலைவரானார். அவருக்கு இடம் கொடுத்ததாக ரிச்சர்ட் ஃபோலியட் என்ற நைட் மீது குற்றச்சாட்டு வந்தது. சட்டம் துரத்தும் ஆள் பக்கத்துக் கனவான் வீட்டு அடுப்படியில் குளிர் காய்ந்திருக்கலாம் என்பது மான்கறி விருந்தைவிட எனக்கு நெருக்கமாகப் பட்டது.

என்னை நீண்ட நாள் உட்கார வைத்தது லிங்கன் நகரம்தான். நிலமிழந்த நைட்டுகள் ஒரு கூட்டமாக ஆக்ஸ்ஹோம் என்ற சதுப்புத் தீவில் இருந்தார்கள். 1266 வசந்தத்தில் அவர்கள் லிங்கனுக்குள் புகுந்து யூதர்களைத் தாக்கினார்கள், யூதர்கள் கொடுத்த கடனுக்கான பத்திரங்கள் வைத்திருந்த பெட்டியை எரித்தார்கள். மான்ட்ஃபோர்ட் தரப்பின் மேல் இது புதுக் கறையும் அல்ல. 1264இல் லண்டனிலும் யூதர்களைக் கொன்று குவித்தவர்கள் அவர்கள்தான். பொதுமக்கள் சபையின் முன்னோடி என்று மான்ட்ஃபோர்ட்டைக் கொண்டாடுகிறவர்கள் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள். ஹ்யூவைக் காய்ச்சலில் படுக்க வைத்து இதிலிருந்து காப்பாற்றியிருக்கலாம். வாசகர் மனதில் அவன் நல்லவனாகவே இருந்திருப்பான். ஆனால் அவன் கடனாளி. அந்தப் பெட்டியில் அவன் பத்திரமும் இருக்கிறது. ஆகவே அவன் போகிறான். தீ எரியும்போது தன் பத்திரம் எது என்று கண்ணால் தேடுகிறான். கடன் கொடுத்தவரின் வீட்டுக் கதவு உடைந்து கிடப்பதைப் பார்த்துவிட்டும் தேடுகிறான். முதல் வாசகர்களில் இரண்டு பேர் இதோடு படிப்பதை நிறுத்திவிட்டதாகச் சொன்னார்கள். அத்தியாயத்தை அப்படியே விட்டுவிட்டேன்.

செஸ்டர்ஃபீல்டில் மே மாதம் நிலமிழந்தவர்கள் கண்ட தோல்வியை ஒரு பக்கத்தில் கடந்தேன். அங்கிருந்து ஹ்யூவும் மிச்சப் பேரும் ஈலி என்ற இன்னொரு சதுப்புத் தீவுக்குப் போய்ச் சேருகிறார்கள்.

ராபின் ஹூட் வருவாரா என்று கேட்காத ஆளே இல்லை. 15ஆம் நூற்றாண்டில் வால்டர் பவர் என்ற ஸ்காட்லாந்து வரலாற்றாசிரியர் அவரை இதே 1266இல், இதே நிலமிழந்தவர்களோடு சேர்த்துத்தான் எழுதிவைத்தார். ஆசை இருந்தது. அவர் வந்தால் ஹ்யூவைத் திரும்பிப் பார்க்க ஆள் இருக்காது என்பதால் விட்டுவிட்டேன்.

முடிவை எனக்குத் தந்தது ஒரு கணக்கு. 1266 அக்டோபர் 31 அன்று கெனில்வொர்த் தீர்ப்பு வெளியானது. கிளர்ச்சிக்காரர்கள் பணம் கட்டி நிலத்தை மீட்கலாம். போரிட்டவர்களில் பெரும்பாலோருக்கு ஆண்டு வருமானத்தைப் போல ஐந்து மடங்கு. டெர்பி பிரபு ராபர்ட் ஃபெரர்ஸுக்கு ஏழு. ஹ்யூவுக்கு 100 பவுண்டு வருகிறது. நிலம் இல்லாமல் 100 பவுண்டு புரட்ட முடியாது. 100 பவுண்டு இல்லாமல் நிலம் கிடைக்காது. ஈலிக்காரர்கள் ஏன் ஆயுதத்தைக் கீழே போடவில்லை என்பது இங்கேதான் எனக்கு விளங்கியது. 1267 ஏப்ரலில் குளோஸ்டர் பிரபு லண்டனைப் பிடித்துக்கொண்டு பேரம் பேசியபின்தான், முதலில் நிலம், பிறகு பணம் என்று அரசன் தரப்பு இறங்கிவந்தது. ஜூலையில் ஈலியும் பணிந்தது. அந்தக் கோடையில் சதுப்பு வறண்டு கிடந்தது எட்வர்டுக்குச் சௌகரியமாகப் போயிற்று.

ஹ்யூ ஊருக்குத் திரும்புகிறான். மாவு ஆலையையும் பாதி வயலையும் குத்தகைக்கு விட்டு முதல் தவணை கட்டுகிறான். குத்தகை எடுப்பது வேறு யாருமில்லை, அவன் மேல் வழக்குப் போட்ட அதே ஆசாமி. இத்தோடு முதல் பாகத்தை முடித்தேன்.

இப்போது இரண்டாம் பாகத்துக்குக் குறிப்பெடுக்கிறேன். 1270இல் எட்வர்ட் சிலுவைப் போருக்குக் கிளம்பியபோது, ஒரு நைட்டின் ஓராண்டுச் சேவைக்கு 100 மார்க் என்று ஒப்பந்தம் போட்டார். பவுண்டுக் கணக்கில் 66க்குச் சற்று மேல், கப்பல் கூலியும் அதற்குள் அடக்கம். தன் கொடியைத் திருடிப் போரை வென்ற மனிதரிடம் ஹ்யூ சம்பளத்துக்குப் போவானா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அவன் மனைவி போகச் சொல்கிறாள். கட்டவேண்டிய தவணை பாக்கி இருக்கிறது.