மூன்று வரிசையில் ஒரே எண்

"அப்போ நமக்குத் தெரியாத ஊர்ல எல்லாம் கணக்கு சரியா இருக்குன்னு அர்த்தமாண்ணா?"

அன்று இதற்கு நான் பதில் சொல்லவில்லை. டீ குடித்துவிட்டு வரலாம் என்று எழுந்து போய்விட்டேன். கேட்டவன் என்னோடு வேலை பார்த்த ஒரு பையன். அவன் வேறு வேலைக்குப் போய் ரொம்ப நாளாகிறது. கேள்வி மட்டும் போகவில்லை.

மாவட்டங்களின் பொருளாதாரப் போட்டித்திறனுக்கு மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தும் வேலை அது. பட்டியலில் 38 மாவட்டங்கள் வேண்டும். கையில் இருந்த தொழிற்சாலைப் புள்ளிவிவரமோ 32 மாவட்டங்களாக இருந்த காலத்தது. 2019-லும் 2020-லும் ஐந்து மாவட்டங்களைப் பிரித்துப் பதினொன்றாக்கினார்களே, அந்தப் பதினொரு வரிசையும் காலி. நான் ஒரு விதி போட்டேன்: பழைய மொத்தத்தை மக்கள்தொகைப்படி பங்கிடு.

பழைய வேலூரில் 2011 கணக்கெடுப்பின்படி 39.36 லட்சம் பேர். இன்றைய வேலூருக்கு 16.14, ராணிப்பேட்டைக்கு 12.10, திருப்பத்தூருக்கு 11.12 லட்சம். ஆக, நூறு தொழிலாளர் என்றால் 41, 31, 28. இதைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்தால் மூன்று மாவட்டத்துக்கும் ஒரே எண்தான் வரும், புள்ளிக்குப் பின்னால் உள்ள இலக்கம் வரைக்கும்.

அதைத்தான் அவன் பிடித்தான். இன்றைய வேலூர் மாவட்டத்தில் இருக்கும் குடியாத்தத்துக்காரன், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். பங்கிட்டுப் போட்ட எண் என்று மஞ்சள் அடித்திருந்த மூன்று கட்டங்களையும் திரையில் விரல் வைத்துக் காட்டினான். "சிப்காட் தொழிற்பேட்டை, பெல் கம்பெனி ரெண்டும் ராணிப்பேட்டைக்குப் போயிடுச்சு. ஆம்பூர், வாணியம்பாடி தோல் கம்பெனி எல்லாம் திருப்பத்தூர். பேரணாம்பட்டுல கொஞ்சம் தோல் இருக்கு. எங்க ஊர்ல தீப்பெட்டியும் லுங்கியும்தாண்ணா. ஆம்பூர் ஷூவைக் கொண்டுவந்து எங்க கணக்குல எழுதினா சிரிப்பாங்க."

நான் சொன்னது: "எல்லா ஊருக்கும் ஒரே விதி தம்பி. உனக்குத் தெரிஞ்ச ஊரை மட்டும் மாத்தினா, நம்ம ஆபீஸ்ல ஆள் இல்லாத ஊரெல்லாம் என்ன பாவம் பண்ணுச்சு?"

அதற்குத்தான் அந்தக் கேள்வி.

நான் சொன்னது தப்பில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். கள்ளக்குறிச்சியிலிருந்தோ மயிலாடுதுறையிலிருந்தோ எங்களிடம் யாரும் இல்லை. ஒருவன் ஊர் என்பதற்காக ஒரு வரிசையைத் திருத்தினால், அடுத்தவன் தன் ஊருக்குக் கேட்பான். திருத்தினால் மட்டும் என்ன ஆகிவிடும்? திருப்பத்தூருக்கு ஆம்பூரைச் சேர்த்துக் கொடுத்தாலும், ஜவ்வாது மலைமேல் இருக்கும் புதூர்நாட்டுக்கும் அதே எண்தானே? மாவட்டச் சராசரி என்றாலே யாரோ ஒருவர் பெயரில் இன்னொருவர் சம்பாத்தியத்தை எழுதுவதுதான்.

இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொள்ளும்போது, சென்னை விஷயம் குறுக்கே வந்து நிற்கும்.

அதே வாரம்தான் அதுவும் நடந்தது. மக்கள் நெருக்கமும் எங்கள் குறியீடுகளில் ஒன்று. 2011-இல் மாநிலச் சராசரி சதுர கிலோமீட்டருக்கு 555 பேர், சென்னையில் 26,553. குறைந்த எண்ணுக்குப் பூஜ்யம், அதிகமானதற்கு நூறு என்று வைத்தால் சென்னை நூறில் உட்கார்ந்துகொள்ளும், மற்ற எல்லா மாவட்டமும் பூஜ்யத்தின் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். "இதைப் பார்த்தா யாரும் நம்ப மாட்டாங்க" என்றார் மேலதிகாரி. நான் அந்த ஒரு குறியீட்டுக்கு மட்டும் மடக்கை (log) எடுத்தேன், பெரிய எண்களுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியை அது சுருக்கிவிடும். வரிசை பார்க்கிற மாதிரி வந்தது. அரைமணி நேர வேலை. முறைப்படி அதில் குற்றம் இல்லை, எல்லோரும் செய்வதுதான். ஆனால் முடிவு கண்ணை உறுத்தியதால்தானே விதியை மாற்றினேன்? அவன் சொன்னதும் அதேதானே, உறுத்துகிறது என்று? அவனுக்கு ஆறு மாத அனுபவம், அவருக்கு இருபது வருடம். அதுதான் வித்தியாசமா என்று யோசிக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

இந்த மாதிரிப் பட்டியல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போனதும் கிடையாது. 2017-இல் வந்த மாநில மனித மேம்பாட்டு அறிக்கையில் முன்வரிசையில் நின்ற விருதுநகர், 2018 ஜனவரியில் பின்தங்கிய மாவட்டங்களுக்காக மத்திய அரசு தொடங்கிய 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' திட்டத்தில் ராமநாதபுரத்தோடு சேர்ந்து இருந்தது. எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது, இரண்டுமே சரியாக இருக்கலாம். இதை நினைத்தால் ஆறுதலாக இருக்கும், கொஞ்ச நேரத்துக்கு.

அறிக்கை அச்சானபோது கட்டங்களில் மஞ்சள் இல்லை. அட்டவணைக்கு அடியில், பழைய எல்லைப்படி பங்கிட்டது என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். பக்கத்தில் இடம் போதவில்லை என்று அதை எடுத்துவிட்டார்கள். நான் மறுக்கவில்லை.

அவனிடம் ஒன்று கேட்டிருக்கலாம்: சரி, 41 வேண்டாம், நீயே ஒரு எண் சொல்லு. அவன் பதினைந்து என்றோ இருபது என்றோ குத்துமதிப்பாக ஏதாவது சொல்லியிருப்பான். நான் அதையே போட்டிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது.