கூட்டாமல் விட்ட மூலை

பட்டாம்பூச்சித் தோட்டம் போடப் போகிறேன் என்று எங்கள் தெருவில் யாராவது கிளம்பினால் முதலில் ஓடுவது நர்சரிக்குத்தான். இட்லிப்பூ, உண்ணிச்செடி, பென்டாஸ் என்று பூவாக வாங்கி வந்து அடுக்குவார்கள். பூவுக்குப் பட்டாம்பூச்சி வராது என்று சொல்லவில்லை. வரும், தேன் குடிக்கும், போய்விடும். முட்டை வைக்க அதற்கு இலை வேண்டும். அதுவும் கண்ட இலையில் வைக்காது. ஒன்றுக்கு எருக்கு, ஒன்றுக்குக் கறிவேப்பிலை, ஒன்றுக்கு அரளி. அந்துப்பூச்சிகள் பலவற்றுக்கு இலை மட்டும் போதாது, குப்பையும் வேண்டும். இதைச் சொன்னால்தான் யாரும் காதில் வாங்குவதில்லை.

பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு நந்தியாவட்டை நிற்கிறது. கம்பவுண்டுச் சுவரைத் தாண்டி வளர்ந்துவிட்டது. திங்கட்கிழமையும் பிரதோஷமும் வந்தால் என் மாமியார் அதில் பூப்பறித்து சோமேஸ்வரர் கோயிலுக்குக் கொண்டுபோவார். மழை பிடித்துவிட்டால் அவருக்குப் போட்டியாக ஹாக் மாத் வகை அந்துப்பூச்சி ஒன்று வரும். அரளி ஹாக் மாத் என்பார்கள். இரவில் வந்து இளம் இலைகளில் ஒவ்வொன்றாக வெளிர்பச்சை முட்டை வைத்துவிட்டுப் போகும். பொரிக்கும்போது புழு மஞ்சளாக, அரை சென்டிமீட்டர்கூட இருக்காது. வால்பக்கம் மட்டும் மயிரிழை போல நீளமாக ஒரு கறுப்புக் கொம்பு. தோலுரித்துத் தோலுரித்து வளர்ந்து கடைசியில் விரல் நீளம், விரல் தடிமன் வந்துவிடும். கொம்பு அதற்குள் குட்டையாகி, மஞ்சளாகித் தொங்கும்.

புழுவை இலையில் தேடினால் அகப்படாது, அவ்வளவு பச்சை. நான் தரையைத்தான் பார்ப்பேன். அதன் எச்சம் மிளகு மாதிரி சிதறிக் கிடக்கும், நீளவாக்கில் வரிவரியாகப் பள்ளம் விழுந்திருக்கும். அதற்கு நேர் மேலே அண்ணாந்து பார்த்தால் ஆள் இருப்பார். கிளையை லேசாகத் தட்டினால் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு முன்பக்கத்தை உப்பிக் காட்டும். அப்போது இரண்டு நீலக் கண்கள் முறைக்கும். அவை வெறும் புள்ளிகள். நிஜக் கண்கள் பக்கத்துக்கு ஆறாக, கடுகைவிடச் சின்னதாகத் தலையோரம் இருக்கின்றன.

"ஏம்மா, செடி மொட்டையாயிட்டு வருது. மருந்தடிக்கச் சொல்லேன்."

"ரெண்டே வாரம் அத்தை. தானா இறங்கிப் போயிடும், இலையும் துளிர்த்துடும்."

நந்தியாவட்டையும் அரளியும் ஒரே குடும்பம். அரளியில் இருப்பது இதயத்தையே தாக்கும் விஷம். அதைத் தின்றும் இந்தப் புழுவுக்கு ஒன்றும் ஆவதில்லை, ஏனென்றால் விஷம் அதன் ரத்தத்தில் கிட்டத்தட்ட சேர்வதே இல்லை. அதே அரளி இலையில் காமன் க்ரோ என்கிற பட்டாம்பூச்சியும் வளரும். அதன் கூட்டுப்புழு இலைக்கடியில் பொன்னாக மின்னிக்கொண்டு தொங்கும், பார்த்தவர்கள் போட்டோ எடுக்காமல் நகர மாட்டார்கள்.

ஹாக் மாத் அப்படித் தொங்காது. தின்று முடித்ததும் ஒரு நாள் பச்சை முதுகு அழுக்குப் பழுப்பாகக் கறுத்துவிடும். இளமைக் காலத்து ஹார்மோன் வடிந்து, தோலுரிக்கத் தூண்டும் எக்டைசோன் என்கிற ஹார்மோன் லேசாக எழும்பும்போது நடக்கிற மாற்றம் இது. புழு சாப்பாட்டை நிறுத்திவிட்டுத் தண்டு வழியாகக் கீழே இறங்கி, தரையில் விறுவிறுவென்று நடக்க ஆரம்பிக்கும். பார்ப்பவர்கள் மருந்து பட்டுச் சாகக் கிடக்கிறது என்று நினைத்துத் துடைப்பத்தால் தள்ளிவிடுவார்கள். அது தேடுவதெல்லாம் சருகும் இளகிய மண்ணும்தான். எங்கள் தெருவில் முக்கால்வாசி வீடுகளில் வாசல் முழுக்க டைல்ஸ். புழு சுவரோரமாகவே சுற்றிச் சுற்றி வந்து காக்கைக்கு இரையாகும்.

அதனால்தான் நந்தியாவட்டைக்குப் பின்னால் ஒரு மூலையைக் கூட்ட வேண்டாம் என்று வேலைக்கு வரும் அக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். முதலில் அவருக்கு அது பிடிக்கவில்லை. "பூரான் வரும்" என்றார். பூரானும் வரத்தான் செய்கிறது.

அங்கே சருகை நாலு இழை பட்டில் லேசாகச் சேர்த்துக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழு கிடக்கும். வெளிர்பழுப்பு உடம்பு, பக்கவாட்டில் மூச்சுத்துளைகள் கறுப்புப் பொட்டுகளாக, நடுவில் உறிஞ்சுகுழலுக்கு மேல் ஒரு கறுப்புக் கோடு. உள்ளே எல்லாம் கரைந்து கூழாகிவிடும் என்று சொல்வது பாதிதான் சரி. தசைகள் நிறையக் கரையும், ஆனால் மூச்சுக்குழாய்களும் நரம்பு மண்டலமும் திருத்தி அமைக்கப்படுகின்றனவே தவிர, அழிந்துவிடுவதில்லை. 2008-ல் அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில், புகையிலைச் செடி தின்னும் இன்னொரு ஹாக் மாத்தின் புழுக்களுக்கு ஒரு வாசனையைக் காட்டி, கூடவே லேசான ஷாக் கொடுத்தார்கள். கடைசிப் பருவத்தில் அப்படிப் பழகிய புழுக்கள் சிறகு முளைத்து வந்த பிறகும் அந்த வாசனையை விட்டு விலகின. சின்ன வயதில் பழக்கியவற்றுக்கு அது நினைவில்லை. படித்தபோது என் ஸ்கூல் பரீட்சைகள்தான் ஞாபகம் வந்தன.

எல்லாக் கூட்டிலிருந்தும் பூச்சி வந்துவிடாது. சிலதிலிருந்து ஈதான் வரும். பெங்களூருக்குப் பக்கத்தில் ராமநகரத்துப் பட்டு விவசாயிகளைக் கேட்டால் கதைகதையாகச் சொல்வார்கள். 1980-ல் மேற்கு வங்காளத்திலிருந்து கர்நாடகாவுக்கு வந்து சேர்ந்த ஊசி ஈ பட்டுப்புழுவின் மேல் முட்டை வைக்கும். பொரித்த ஈப்புழு உள்ளே புகுந்து தின்று வளர்ந்து, சில சமயம் கூட்டையும் துளைத்துக்கொண்டு வெளியேறும். துளை விழுந்த கூட்டில் நூல் இழுக்க முடியாது. அதனால்தான் அங்கே புழு வளர்க்கும் வீடுகளுக்கெல்லாம் வலை அடித்திருக்கிறார்கள். என் மூலைக்கு வலை கிடையாது. ஈக்கும் அது வீடுதான் என்று விட்டுவிட்டேன்.

அபார்ட்மெண்டில் இருப்பவர்கள் கேட்கிறார்கள்: மண்ணே இல்லையே, என்ன செய்ய? அகலமான தொட்டியில் மண் போட்டு, மேலே கையளவு சருகு பரப்பினால் போதும். லேசான ஈரம் இருக்கட்டும், ஊறக் கூடாது. பார்க்கும் ஆசையில் கிளறாதீர்கள். முக்கியமாக, சொரசொரப்பான குச்சி ஒன்றைச் சாய்வாக நட்டு வையுங்கள். இரவில் வெளியே வரும் பூச்சியின் சிறகுகள் சுருங்கி ஈரமாக இருக்கும். எதிலாவது ஏறித் தொங்கி, ரத்தத்தைச் சிறகு நரம்புகளுக்குள் செலுத்தினால்தான் அவை விரியும். ஏற எதுவும் இல்லாவிட்டால் மடிந்தபடியே காய்ந்துவிடும், பிறகு பறக்கவே முடியாது. வேப்பங்குச்சி போதும், பிளாஸ்டிக் கம்பி வேண்டாம், கால் வழுக்கும்.