ஒரே தையல், வெவ்வேறு வழிகள்

பழைய தையல் மிஷின்களைச் சேர்க்கிறேன் என்று சொன்னால், எத்தனை வைத்திருக்கிறீர்கள் என்றுதான் பெரும்பாலோர் முதலில் கேட்கிறார்கள். சிங்கப்பூரில் வீவக எனப்படும் அரசு வீடமைப்புக் கழகத்தின் அடுக்குமாடி வீட்டில் வசிப்பவருக்கு எண்ணிக்கையில் பெருமைப்பட வழியில்லை. வார்ப்பிரும்புக் கால்களுடன் ஒரு மிதி மிஷின் உள்ளே வந்தால் வரவேற்பறையில் ஒரு மூலை முழுவதும் அதற்கே போய்விடும். ஆகவே, முன்பே இருப்பதைப் போன்ற இன்னொன்றை வாங்குவதில்லை என்றும், புதிதாக வருவது வேறு முறையில் தைப்பதாக இருக்க வேண்டும் என்றும் எனக்கு நானே ஒரு விதி வகுத்துக்கொண்டேன். இந்தச் சேகரிப்பில் எனக்குக் கிடைக்கும் மகிழ்ச்சியில் பெரும்பகுதி அந்த விதியிலிருந்து வந்ததே.

தையல் மிஷின் தீர்க்க வேண்டிய சிக்கல் ஒன்றுதான். துணியைத் துளைத்து இறங்கிய ஊசி சற்றே மேலெழும்போது அதன் நூல் ஒரு சிறு வளையமாகத் தளர்கிறது. அந்த ஒரு கணத்தில் மேல்நூலின் வளையத்துக்குள் கீழ்நூல் சென்றுவிட வேண்டும். முனையில் கண்ணுள்ள ஊசியையும் கீழ்நூலைச் சுமந்து செல்லும் ஷட்டிலையும் இணைத்து இலையாஸ் ஹோ 1846இல் காப்புரிமை பெற்றார். ஐசக் சிங்கரின் காப்புரிமை 1851இல் வந்தது. அதன் பிறகு வந்த பொறியாளர்கள் இதே சிக்கலுக்குக் கண்ட விடைகள்தாம் எத்தனை வேறுபட்டவை!

என்னிடமுள்ள சிங்கர் 128 ஒரு கை மிஷின். அதன் அடித்தட்டிலுள்ள தகடுகளை நகர்த்திவிட்டுக் கைப்பிடியை மெல்லச் சுழற்றினால், கீழ்நூல் சுற்றிய, நீண்டு மெலிந்த பாபினைத் தன்னுள் தாங்கிய தோட்டா வடிவ ஷட்டில், வில்லின் வளைவில் முன்னும் பின்னும் ஊசலாடி, ஒவ்வொரு முறையும் நூல் வளையத்துக்குள் புகுந்து வெளிவருவதைக் காணலாம். சிங்கர் 15இல் பாபின் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரு கொக்கி பாதிச் சுற்றுக்குமேல் சுழன்று, வளையத்தைப் பிடித்து, வட்டமான பாபினைச் சுற்றி இழுத்துச் சென்று, விடுவித்துவிட்டுத் திரும்பும். சிங்கர் 201இன் கொக்கியோ திரும்புவதே இல்லை. ஒரே திசையில் முழுச் சுற்றாகச் சுழன்றுகொண்டிருக்கும். அதனால்தான் அதன் ஓட்டத்தில் அதிர்வு அவ்வளவு குறைவு. இந்தச் சுழல் கொக்கியின் மூலவடிவம் ஆலன் வில்சன் என்பவருடையது. 1851லேயே அதற்குக் காப்புரிமை பெற்றவர் அவர். துணியைப் பற்களால் நான்கு அசைவுகளில் நகர்த்தும் முறையும் அவர் தந்ததே. அவர் பங்குகொண்ட வீலர் அண்ட் வில்சன் நிறுவனத்தைச் சிங்கர் 1905இல் வாங்கியது. தையலைக் கற்ற ஒவ்வொருவரும் வில்சனின் பெயரை அறிந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மூன்றில் மிக அதிகமாக நகலெடுக்கப்பட்டது 15தான். நம் வீடுகளில் புழங்கிய உஷா, சீனக் குடும்பங்கள் போற்றிய ஷாங்காய் பட்டர்ஃபிளை, போருக்குப் பிந்தைய ஜப்பானிய மிஷின்கள் பல, எல்லாம் அதன் வழிவந்தவை. ஆகவே பாபினும் அதை வைக்கும் பாபின் கேஸும் அதற்கு இன்றும் எளிதில் கிடைக்கின்றன. முதன்முதலாக வாங்குபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது அதைத்தான்.

சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டபின், நேரில் தடவிப் பார்த்து வாங்கும் வாய்ப்புக் குறைந்துவிட்டது. வீடு வீடாகப் பழம்பொருள் வாங்கும் காராங்குனிக்காரர்கள் சிலரும் வீடு மாறும் குடும்பங்களும்தான் இப்போதைய வழி. 128 அப்படித்தான் ஈசூனில் ஒரு தமிழ்ப் பாட்டியின் வீட்டிலிருந்து வந்தது. தீபாவளிக்கு முந்தைய இரவுகளில் பிள்ளைகளுக்கெல்லாம் அதில் தைத்தவர் அவர். விலையைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. "இதுல தைப்பியா தம்பி, இல்ல சும்மா அழகுக்கு வைக்கப் போறியா?" என்று மட்டும் கேட்டார். தைப்பேன் என்றதும், நீள பாபின்கள் கிடந்த பழைய பிஸ்கட் டின்னையும் எடுத்து வந்து கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் நான் பார்ப்பது அடித்தட்டில் பொறித்த எண்ணை. இரண்டு எழுத்துகளில் தொடங்கும் சிங்கர் எண்களில் முதலெழுத்து ஆங்கிலத்தின் 'ஈ' என்றால் அது செய்யப்பட்ட இடம் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் தொழிற்சாலை. 'ஏ' என்றால் நியூ ஜெர்சியின் எலிசபெத் நகரம். பாட்டியின் மிஷின் கிளைட்பேங்கில் பிறந்தது. அந்தத் தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டுவிட்டது, ஆனால் அங்குள்ள ரயில் நிலையத்துக்கு இன்றும் சிங்கர் என்றே பெயர்.

சுத்தம் செய்வதில் பொறுமை வேண்டும். கறுப்பு உடலிலுள்ள பொன்னிறச் சித்திரங்களின் மேல் பூசப்பட்டிருப்பது பெரும்பாலும் அரக்குப் பூச்சு. ஸ்பிரிட் பட்டால் அது கரைந்து, சித்திரமும் சேர்ந்து போய்விடும். மிஷின் எண்ணெய் தோய்த்த பஞ்சு போதுமானது. இறுகிய பாகங்களுக்கு எண்ணெய் விட்டுக் காத்திருந்து, மறுபடி விட்டு, சக்கரத்தை வலிந்து திருப்பாமல் இருந்தால் பெரும்பாலும் இளகிவிடும். நம் ஊரின் ஈரக்காற்றில் துரு விரைவில் ஏறுவதால், ஓட்டாமல் மூடி வைப்பதைவிட அடிக்கடி ஓட்டுவதே நல்ல பராமரிப்பு. மோட்டார் பொருத்தியவற்றின் ரப்பர் உறையிட்ட கம்பிகள் வெடித்திருக்கும். அவற்றை மாற்றாமல் மின்சாரம் தருவது ஆபத்தானது. அமெரிக்காவிலிருந்து வந்தவை 110 வோல்ட்டுக்குரியவை என்பதையும் மறக்கக்கூடாது.

இப்போது நான் தேடுவது வீலர் அண்ட் வில்சன் 9. வில்சனின் கொக்கி சிங்கரின் கைக்குப் போவதற்கு முன் எப்படிச் சுழன்றது என்பதை என் விரலால் சக்கரத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அது மிதி மேசையோடு வந்தால், இடத்துக்காக 15 என் அக்காள் மகளிடம் போகும். அவள் பாவாடைக்குக் கரை மடிக்கப் பழகிவிட்டாள். பாபின் கேஸைக் கழற்றி எண்ணெய் விடவும் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.