பேரைப் போட்டு திட்டின பத்திரிகைகள்

அச்சுல ஒரு 4. அதுக்குப் பக்கத்துல பென்சில்ல ஒரு 8. நேத்து ராத்திரி பழைய மியூசிக் பத்திரிகைக் கட்டைப் பிரிச்சப்போ முதல்ல கண்ணுல பட்டது இதுதான். கட்டு பெரியப்பா பையன் சேத்து வெச்சது, வேலை கெடச்சு கெளம்புனப்போ அண்ணன் என்கிட்ட விட்டுட்டுப் போனாரு, நூல் கட்டி அப்படியே கெடந்துச்சு. ஓரமெல்லாம் பழுப்பாகி தொட்டா உதிருது. ஆனா ஒவ்வொரு இதழ்லயும் பின்னாடி வர்ற அந்த ஆறேழு விமர்சனப் பக்கம் மட்டும் தனியா தெரியும், மூலை மடிஞ்சு, விரல் பட்டுப் பட்டு மை தேஞ்சு. அட்டைப்படப் பேட்டியெல்லாம் ஒரு தடவை படிச்சதோட சரி. விமர்சனத்தை எத்தனை தடவை படிச்சோம்னு கணக்கே இல்ல.

பத்திரிகை பத்துக்கு எவ்வளவு குடுத்திருக்கோ அதுக்குப் பக்கத்துல நாங்க ரெண்டு பேரும் எங்க மார்க்கை எழுதுவோம், அண்ணன் பேனா, நான் பென்சில். ஆல்பம் எப்ப கைக்கு வருதோ அப்பதான எழுத முடியும், சிலதுக்கு ஒரு வருஷம் ஆகும், சிலதுக்கு மூணு வருஷம். இன்னும் கேக்காததுக்குப் பக்கத்துல வெறும் கோடு. பாட்டைக் கேக்குறதுக்கு முன்னாடி பாட்டைப் பத்திப் படிச்சிட்டு, படிச்சதை வெச்சு மனசுக்குள்ளயே ஒரு பாட்டைக் கட்டிக்கிட்டு, மாசக்கணக்குல காத்திருந்து கடைசில நிஜப் பாட்டைக் கேட்டா அது வேற ஒண்ணா இருக்கும். சில சமயம் மனசுல கேட்டதே நல்லாருந்துச்சோன்னு தோணும்.

விமர்சனம் அவ்வளவு முகத்துல அடிச்ச மாதிரி இருந்ததுக்கும் அதுதான் காரணம்னு நான் நெனக்கிறேன். ரெக்கார்டோ கேசட்டோ வாங்குனா வாங்குனதுதான், ரெண்டு பாட்டு தேறி மிச்சமெல்லாம் எடத்தை ரொப்புறதுக்குப் போட்டதுன்னா காசு போச்சு. அதனால விமர்சனம் எழுதுறவர் நமக்காக முன்னாடியே போய் கேட்டுட்டு வர்ற ஆளு. அவர் பூசி மெழுகுனா நஷ்டம் படிக்கிறவனுக்கு. 1923ல காம்ப்டன் மெக்கென்ஸின்னு ஒரு நாவலாசிரியர் பிரிட்டன்ல கிராமபோன் பத்திரிகையை ஆரம்பிச்சதுலேர்ந்தே இந்த வேலை இருக்கு. நியூயார்க்ல வில்லேஜ் வாய்ஸ் வாரப் பேப்பர்ல ராபர்ட் கிறிஸ்ட்காவ் 1969ல தொடங்குன பத்திக்குப் பேரே கன்ஸ்யூமர் கைடு, வாங்குறவனுக்கான வழிகாட்டி. ஒரு ஆல்பத்துக்கு ஒரே ஒரு பத்தி, முடிவுல பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டு மாதிரி ஏ ப்ளஸ், பி மைனஸ்னு கிரேடு. அந்த ஒத்தைப் பத்திக்குள்ள அவர் எவ்வளவு விஷயத்தைத் திணிப்பாருன்னா, ஒரு வாக்கியத்தை நாலு தடவை படிச்சாத்தான் பாராட்டுறாரா திட்டுறாரான்னே பிடிபடும்.

திட்டுன்னா சும்மா திட்டு இல்ல. 1970 ஜூன்ல அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் செல்ஃப் போர்ட்ரெய்ட்னு ஒரு டபுள் ஆல்பம் போட்டாரு. அந்தக் காலத்துல ரோலிங் ஸ்டோன் பத்திரிகைக்கு டிலன்னா சாமி. அதே ரோலிங் ஸ்டோன்ல க்ரெய்ல் மார்கஸ் எழுதுன விமர்சனத்தோட முதல் வரி, 'என்ன இது'ன்னு ஒரு கெட்ட வார்த்தையோட சேத்துக் கேக்குற கேள்வி. அடுத்து பகுதி பகுதியா நம்பர் போட்டு பக்கக்கணக்குல போகுது. முழுசா படிச்சா டிலனை உசுரா நெனச்ச ஒருத்தர் ஏமாந்து போய் உக்காந்து எழுதுனதுன்னு தெரியும், இல்லேன்னா அவ்வளவு நீளத்துக்கு யாரு எழுதுவா, பிடிக்காத ஆல்பத்துக்கு நாலு வரி போதாதா. அதே வருஷம் அக்டோபர்ல நியூ மார்னிங் வந்தப்போ டிலன் திரும்பக் கெடச்சிட்டாருன்னு அதே பத்திரிகைல ரால்ஃப் க்ளீசன் கொண்டாடி எழுதுனாரு. இதுக்கு மேல ஒரு விஷயம் இருக்கு. 2013ல அந்தக் காலத்துப் பதிவுகளையெல்லாம் தூசி தட்டி அனதர் செல்ஃப் போர்ட்ரெய்ட்னு வெளியிட்டாங்க, அந்தத் தொகுப்புக்குள்ள வர்ற கட்டுரையை எழுதுனது யாரு? அதே க்ரெய்ல் மார்கஸ். 43 வருஷம் கழிச்சு, தான் கிழிச்ச ஆல்பத்து பக்கத்துல திரும்பப் போய் உக்காந்து கேட்டு எழுதியிருக்காரு. இதைப் படிச்ச அன்னைக்கு எனக்கு ஏனோ மனசு நெறஞ்சு போச்சு.

லெஸ்டர் பேங்ஸ்னு இன்னொரு விமர்சகர், அவர் கதையும் இதே ரகம்தான். 1969ல ரோலிங் ஸ்டோன்ல வந்த அவரோட முதல் விமர்சனமே எம்.சி.5 பேண்டோட முதல் ஆல்பத்தைப் போட்டுத் தாளிச்சது. கொஞ்ச நாள்ல அதே பேண்டுக்கு அவர் விழுந்துட்டாரு, தான் எழுதுனது தப்புன்னு வெளிப்படையாவே எழுதுனாரு. ரோலிங் ஸ்டோன்ஸ்ங்கிற பேண்டோட எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட் ஆல்பத்தை 1972ல முதல்ல மட்டம் தட்டுனவர், அப்புறம் கருத்தை மாத்திக்கிட்டாரு. முதல் தடவை கேக்குறப்போ பிடிக்காம, பத்தாவது தடவை கேக்குறப்போ திடீர்னு கதவு தொறந்துக்கிற அனுபவம் பாட்டு கேக்குற எல்லாருக்கும் உண்டு, ஆனா அதை முதல் தடவையும் பேர் போட்டு அச்சுல எழுதி, பத்தாவது தடவையும் பேர் போட்டு அச்சுல எழுத ஒரு மனசு வேணும். 1973ல கேன்ட் ஹீட் பேண்டோட ஒரு ஆல்பத்தைப் பத்தி எழுதுனதுக்காக, பாட்டுக்காரங்களை மதிக்கலன்னு சொல்லி ரோலிங் ஸ்டோன் அவரை அனுப்பிடுச்சு. அவர் ஏற்கெனவே எழுதிக்கிட்டிருந்த, டெட்ராய்ட்லேர்ந்து வந்த க்ரீம் பத்திரிகைல இன்னும் சத்தமா எழுதுனாரு. 1982ல இறந்து போய்ட்டாரு, வயசு 33 தான்.

இந்த அனுப்புன சமாச்சாரத்துக்குப் பின்னாடி ஒரு கணக்கு இருக்கு. பத்திரிகைக்கு விளம்பரம் குடுக்கிறதே ரெக்கார்டு கம்பெனிதான். வலது பக்கம் முழுப்பக்க விளம்பரம், இடது பக்கம் அதே ஆல்பத்துக்கு பத்துக்கு 3. எங்க கட்டுல அப்படி ஒரு இதழ் இருக்கு, விரிச்சு வெச்சா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பாத்துக்கிட்டு நிக்குது. அந்த 3ஐ அச்சுக்கு விட்ட எடிட்டரை இன்னைக்கு நெனச்சாலும் எனக்கு மரியாதை வருது.

லண்டன்ல இருந்த வாரப் பத்திரிகைகள் இதுல இன்னும் ஒரு படி மேல. மெலடி மேக்கர் 1926லேர்ந்து, என்.எம்.இன்னு சொல்ற நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ் 1952லேர்ந்து, சவுண்ட்ஸ் 1970லேர்ந்து. மூணும் வாராவாரம், ஒண்ணுக்கொண்ணு போட்டி. 1976ல க்ளாஷ்னு ஒரு புது பேண்டு மேடை ஏறுனதைப் பாத்துட்டு என்.எம்.இல சார்லஸ் ஷார் மர்ரே என்ன எழுதுனாருன்னா, இது கராஜ்ல, அதாவது கார் ஷெட்டுல வாசிக்கிற பேண்டு, சீக்கிரம் கராஜுக்கே திருப்பி அனுப்பிடணும், முடிஞ்சா உள்ள வண்டி இன்ஜினை ஓட விட்டுன்னு. அதாவது புகைல செத்துப் போகட்டும்னு அர்த்தம். கொடூரமான வரி, இன்னைக்குப் படிச்சாலும் பகீர்ங்குது. அந்தப் பசங்க என்ன பண்ணாங்க? கராஜ்லேண்ட்னு ஒரு பாட்டு எழுதி 1977ல வந்த முதல் ஆல்பத்தோட கடைசிப் பாட்டா வெச்சாங்க. நாங்க கராஜ் பேண்டுதான், அங்கேர்ந்துதான் வர்றோம்னு. அந்தப் பாட்டை முதல்ல கேட்டப்போ இந்தக் கதை எனக்குத் தெரியாது, அண்ணன்தான் சொன்னாரு, சொல்லிட்டு திரும்பப் போட்டாரு, ரெண்டாவது தடவை கேக்குறப்போ அது வேற பாட்டா இருந்துச்சு.

ஜாஸ்லயும் இப்படி ஒண்ணு நடந்திருக்கு. 1961ல டவுன்பீட்ங்கிற ஜாஸ் பத்திரிகைல ஜான் டைனன்னு ஒரு விமர்சகர், சாக்ஸபோன் வாசிக்கிற ஜான் கோல்ட்ரேனும் எரிக் டால்ஃபியும் வாசிக்கிறதை ஜாஸுக்கே எதிரானதுன்னு எழுதுனாரு. அடுத்த வருஷம் அதே டவுன்பீட் ரெண்டு பேரையும் உக்கார வெச்சு, விமர்சகர்களுக்கு உங்க பதில் என்னன்னு கேட்டு அதையும் கட்டுரையா போட்டுச்சு. அவங்க கோவப்படாம, பறவை பாடுறதைப் பத்தியும் எதுக்கு அவ்வளவு நீளமா வாசிக்கிறோம்னும் பொறுமையா பேசிருப்பாங்க. அடிச்ச எடத்துலயே பதில் சொல்லவும் எடம் குடுக்கிறது, இதைத்தான் நான் பெருசா நெனக்கிறேன்.

எல்லாம் நல்லதுன்னு சொல்ல வரல. ஒரு பேண்டை அட்டைப்படத்துல தூக்கி வெச்சுட்டு அடுத்த ஆல்பம் வர்றதுக்குள்ள கீழ போட்டு மிதிக்கிறது அந்த லண்டன் பத்திரிகைகளுக்கு வழக்கமாவே இருந்துச்சு. பாடுற பொண்ணுங்களைப் பத்தி எழுதுறப்போ பாட்டை விட்டுட்டு ஆளைப் பத்தி எழுதுன வரிகளை இப்ப திரும்பப் படிக்கவே முடியல, எங்க கட்டுலயும் அப்படி நாலஞ்சு இருக்கு, பக்கத்தைத் திருப்பிட்டேன். லெட் செப்ளின் பேண்டோட முதல் ஆல்பத்தை 1969ல ரோலிங் ஸ்டோன் தூக்கிப் போட்டதையெல்லாம் தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், அதை எழுதுன ஜான் மெண்டல்சனுக்கு ஜெஃப் பெக் குரூப் பண்ணதையே இவங்களும் பண்றாங்கன்னு பட்டுச்சு, பட்டதை எழுதுனாரு, அவ்வளவுதான். காதால கேட்டு எழுதுன தப்பு ஒண்ணும் யாரையும் கெடுத்துடாது. ஆளைப் பாத்து எழுதுனதுதான் கெடுதல்.

இப்ப அந்த 4க்கு வர்றேன். அதை எழுதுனவர் பேரை நான் இங்க சொல்லப் போறதில்ல. ஆனா எங்க ரெண்டு பேருக்கும் அவர் வீட்டு மனுஷன் மாதிரி. நேர்ல பாத்ததில்ல, ஃபோட்டோ கூட பாத்ததில்ல, விமர்சனத்துக்கு அடில சின்ன எழுத்துல பேர் மட்டும். அந்த ஆளுக்கும் எங்களுக்கும் ரசனை சுத்தமா ஒத்துப் போகாது. கீபோர்டு அதிகமா இருந்தா அவருக்குப் பிடிக்காது, எங்களுக்கு அதுதான் பிடிக்கும். பாடுறவன் குரல் கொஞ்சம் உடைஞ்சா உருகுறான்னு எரிச்சல் படுவாரு, நாங்க அங்கதான் கண்ணை மூடிக்குவோம். ஆனா மனுஷன் அவ்வளவு துல்லியமா எழுதுவாரு, மூணாவது பாட்டுல டிரம்ஸ் எங்க நின்னு எங்க திரும்ப வருது, எந்த வரியை ரெண்டு தடவை பாடுறான், எல்லாம் இருக்கும். அவர் எதுக்காக 4 போட்டாருன்னு படிச்சாலே நாங்க எதுக்காக 8 போடுவோம்னு தெரிஞ்சிடும். அப்படி அவர் திட்டுனதைப் படிச்சு நாங்க தேடிப் போய் வாங்குன ஆல்பம் மட்டும் ஏழோ எட்டோ இருக்கும், ஒண்ணு கூட மோசம் போகல. எல்லாத்துக்கும் அச்சா ஒத்துப் போற ஒருத்தர் எழுதியிருந்தா எனக்கு என் ரசனை என்னன்னே தெரிஞ்சிருக்காது.

இது எப்படி நடந்துச்சுன்னா, வாராவாரம் அதே பேர் வந்துச்சு, அதான். போன வாரம் என்ன சொன்னாரு, போன வருஷம் எதுக்கு 9 குடுத்தாரு, எல்லாம் ஞாபகத்துல இருக்கும். இப்ப எங்கயாவது ஒரு ஆல்பத்துக்கு அஞ்சுக்கு 3.8னு போட்டிருக்கிறதைப் பாத்தா, யாரு அது, எத்தனை பேரு, ஒருத்தனுக்கு உயிராவும் இன்னொருத்தனுக்கு குப்பையாவும் இருந்ததைக் கூட்டி வகுத்ததா, ஒண்ணும் புரியறதில்ல. சண்டை போடக்கூட ஆளு இல்ல.

எழுதுறவங்களைக் குத்தம் சொல்லவும் மனசு வரல. 2024 ஏப்ரல்ல டெய்லர் ஸ்விஃப்ட்டோட புது ஆல்பத்துக்கு பேஸ்ட் பத்திரிகை கடுமையா ஒரு விமர்சனம் போட்டுச்சு, எழுதுனவர் பேரே போடாம. ஏன்னு அவங்களே சொன்னாங்க, 2019ல ஸ்விஃப்ட்டோட ஆல்பத்துக்கு எழுதுனவருக்கு மிரட்டல் வந்துச்சாம், அதனால இந்தத் தடவை பேரை மறைச்சிட்டோம்னு. அவங்க பண்ணது நியாயந்தான், உயிருக்கு முன்னாடி விமர்சனம் ஒண்ணும் பெருசில்ல. ஆனா அந்தச் செய்தியைப் படிச்ச அன்னைக்குத்தான், சவுண்ட்ஸ் 1991ல மூடுனப்பவும், மெலடி மேக்கரை 2000ல என்.எம்.இயோட சேத்தப்பவும், 2018ல அந்த என்.எம்.இ வார இதழும் அச்சுல நின்னப்பவும், 2020ல க்யூ பத்திரிகை கடைசி இதழ் போட்டப்பவும் கூட வராத ஒரு வருத்தம் எனக்கு வந்துச்சு. பத்திரிகை போறது காகித விலை, விளம்பரம், வியாபாரம். அந்தச் சின்ன எழுத்துப் பேர் போறது வேற.

நேத்து ராத்திரி அந்த ஆல்பத்தைத் திரும்பக் கேட்டேன். முதல் பாதி இன்னும் 8தான். ரெண்டாவது பாதில ஆறாவது பாட்டு, கேக்கக் கேக்க முடியவே மாட்டேங்குதுன்னு அவர் எழுதியிருந்தாரு, அது நெஜந்தான், அன்னைக்கு எனக்குத் தெரியல. கேட்டு முடிச்சிட்டு நேரம் ஆச்சேன்னு பாக்காம அண்ணனுக்கு ஃபோன் பண்ணேன். "அண்ணே, நம்ம கட்டுல பத்துக்கு 4 போட்ட ஒரு ஆல்பம், நான் கூட 8 போட்டிருந்தேனே, ஞாபகம் இருக்கா?"ன்னேன். எந்த பேண்டு, எந்த வருஷம்னெல்லாம் அவர் கேக்கல.

"எழுதுனது நம்ம ஆளாடா?"

ஆமாண்ணேன்னேன்.

"அப்ப நல்லாத்தான் இருக்கும், ஃபோனை கிட்ட வெச்சு போடு, கேப்போம்"னாரு.