கிடேரிக் கன்றுக்குத் தொப்புள் குடலிறக்க ஆபரேஷன்: எங்க அனுபவம்

ராசிபுரம் பக்கம் எங்க தோட்டத்தில் ஜெர்சி கலப்பு மாடு போட்ட கிடேரிக்குத் தொப்புள் புடைத்திருந்தது. மல்லாக்கப் போட்டு அழுத்தினால் உள்ளே போகும், எழுந்து நின்றால் மறுபடி இறங்கிவிடும். கால்நடை மருந்தக டாக்டர் என் விரலைப் பிடித்து அதில் வைத்துக் காட்டினார். தோலுக்கடியில் வட்டமாக ஒரு விளிம்பு தட்டுப்பட்டது. வயிற்றுச் சுவரில் மூடாமல் இருந்த ஓட்டையின் விளிம்பு அது; அது வழியாகத்தான் குடல் வெளியே இறங்குகிறது. "ஒரு விரல், ரெண்டு விரல் போற ஓட்டைன்னா வளர வளர பெரும்பாலும் மூடிக்கும்ங்க. சூடா, கெட்டியா இருந்தா சீழா இருக்கலாம். உள்ளேயே போகாம, கன்னு வலியில வயித்தை உதைச்சா அன்னைக்கே தூக்கிட்டு வந்துருங்க, குடல் சிக்கியிருக்கும்" என்றார்.

மாதங்கள் போயும் மூடவில்லை. மூன்று விரல் தாராளமாகப் போனது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம்.

முந்தின நாளே தீனியை நிறுத்தி, வைக்கோலைக் கடிக்காமல் வாய்க்கூடு போடச் சொன்னார்கள். அது ராத்திரியெல்லாம் கத்தியது. அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் இதில் இரக்கமே பார்க்கக் கூடாது. மல்லாக்கப் படுத்திருக்கும்போது இரைப்பையில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போனால் கன்று பிழைக்காது.

அசத்தும் ஊசி ஒன்று, தொப்புளைச் சுற்றி மரத்துப்போக லிக்னோகெயின். தோலைக் கீறிப் பையைப் பிரித்து, இறங்கியிருந்த குடலையும் கொழுப்புச் சவ்வையும் உள்ளே தள்ளினார்கள். ஓட்டையின் விளிம்பைச் சுரண்டிப் புண்ணாக்கினார்கள். பழைய விளிம்பை அப்படியே சேர்த்துத் தைத்தால் ஒட்டாதாம். பிறகு வேட்டி ஓரம் மாதிரி ஒரு பக்கத்தை மறுபக்கத்தின் மேல் ஏற்றித் தைத்தார்கள். ரொம்பப் பெரிய ஓட்டைக்கு வலை வைப்பார்களாம்; எங்களுக்குத் தேவைப்படவில்லை.

என்னைக் கேட்டால் பாதி வைத்தியம் வீட்டில்தான். துள்ளினால் தையல் விட்டுவிடும் என்பதால் தனியாகக் கட்டி, தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுத்தோம். காய்ந்த வைக்கோல் படுக்கை, வேளை தவறாத ஆன்டிபயாடிக், ஈ அண்டாமல் மருந்து. தையல் போட்ட இடம் லேசாக வீங்கியபோது பயந்துபோனோம். சூடும் இல்லை, சீழும் இல்லை என்று டாக்டர் பார்த்துச் சொன்னார், தானே வற்றியது. இரண்டு வாரம் போல ஆனதும் தையலைப் பிரித்தார்கள். அழுத்திப் பார்த்தேன், விரல் இறங்கவில்லை.

இது பரம்பரையாகவும் வரும் என்பதால், இப்படிப் பிறந்த காளைக்கன்றை இனச்சேர்க்கைக்கு விட வேண்டாம் என்றார்கள். தொப்புளில் கிருமி ஏறினாலும் அந்த இடம் பலவீனப்படும். அதனால் அடுத்த கன்றுக்குப் பிறந்தவுடனே தொப்புள்கொடியில் டிஞ்சர் அயோடின் வைத்து, சீம்பாலும் தாமதிக்காமல் கொடுத்தோம்.